36 வருஷமாக ஒரு கொத்சு பாக்கி!

அண்ணாமலை நகரில் ரயில்வே ஸ்டேஷனுக்கும் யுனிவர்சிடிக்கும் நடுவே ஒரு டீக்கடை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அங்கே உட்கார இடம் கிடைத்தால் உங்களுக்கு நல்ல நேரம் என்று அர்த்தம். 2024 மார்ச் 4, திங்கட்கிழமை எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் அது நல்ல நேரம் இல்லை.

மும்பையில் ரஞ்சிக் கோப்பை செமிஃபைனல் மூன்றே நாளில் முடிந்துவிட்டது. தமிழ்நாடு 146-க்கு ஆல் அவுட், மறுபடியும் 162-க்கு ஆல் அவுட். மும்பை ஒரே தடவை ஆடி 378. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் நாம் காலி!

இதற்கு இவன் ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறான் என்று நினைப்பீர்கள். காரணம் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிடையர்மெண்ட்.

1988-ல் அண்ணன் இங்கே எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் சேப்பாக்கத்தில் ரயில்வேஸ் டீமை இன்னிங்ஸ் மற்றும் 144 ரன்னில் சாத்தி ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியது தமிழ்நாடு. கேப்டன் எஸ்.வாசுதேவன். நாம் அடித்தது 709 ரன். மறுநாள் பேப்பரை ஹாஸ்டல் ரீடிங் ரூமில் படித்துவிட்டு, அண்ணன் உணர்ச்சிவசப்பட்டு ஒரு காரியம் செய்தார். தன் விங்கில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் டவுனில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கிக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அடுத்த வருஷமும் ஜெயிப்போம்டா. அப்பவும் கொத்சு என் செலவு!"

அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தச் சபதம் ஆபீஸுக்கும் பரவி, புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் "ஹெட் கிளார்க் நமக்கு ஒரு கொத்சு பாக்கிப்பா" என்று சார்ஜ் ஷீட் மாதிரி ஒப்படைக்கப்பட்டு வந்தது. நானும் அப்படி வாங்கிக்கொண்டவன்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு 2024-ல் தமிழ்நாடு செமிஃபைனல் போனதும் ஆபீஸே துடித்தது. இன்னும் இரண்டே மேட்ச். அண்ணன் ரிடையராவதற்குள் கடன் தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் நாக்கில் ஜலம்.

கடைக்கு அண்ணன் வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. டீயை வாங்கி, ஒரு வாய் குடித்து, கீழே வைத்தார்.

"ஏன்யா, புல்லு முளைச்சுக் கிடக்கிற பிட்ச். டாஸ் ஜெயிச்சிட்டு எவனாவது பேட்டிங் எடுப்பானா?"

அவ்வளவுதான், பொறி விழுந்துவிட்டது.

அண்ணன் கேட்ட அதே கேள்வியை டீமின் கோச் சுலக்ஷன் குல்கர்னியே வெளிப்படையாகப் பேசிவிட்டார். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே மேட்ச் கையை விட்டுப் போய்விட்டது என்கிற மாதிரி சொல்லப்போக, ஒரு கோச் தன் கேப்டனை இப்படி விட்டுக்கொடுக்கலாமா என்று தினேஷ் கார்த்திக் பாய்ந்தார். (ஆபீஸிலும் இதுதான் நடக்கிறது. ஃபைல் காணாமல் போனால் செக்ஷன் ஆபீசர் முதலில் கை நீட்டுவது யாரை?)

"கேப்டன் சாய் கிஷோர் மேல எனக்குக் கோபம் இல்லை" என்றார் புள்ளியியல் வாத்தியார். காலேஜில் பாடம் எடுத்து ஓய்ந்தவர். டீக்கு எவ்வளவு சில்லறை என்பதைத் தவிர மற்ற எல்லாக் கணக்கும் தெரிந்தவர். "அந்த சீசன்ல இந்தியாவிலேயே அதிக விக்கெட் எடுத்தது அந்தப் பையன்தான். 53. இந்த மேட்ச்லயும் ஆறு விக்கெட். மும்பை 106-க்கு ஏழு விக்கெட் போய்க் கிடந்தது சார். அங்கே ஷர்துல் தாக்கூர் வந்து 109 அடிச்சாரே, அதுக்கு என்ன பண்ண முடியும்?"

"அதான் வாத்தியாரே கேக்கறேன். அது ஏன் நமக்கு மட்டும் அப்படி ஒருத்தன் வந்து நிக்கிறான்?"

இந்தக் கேள்வி நியாயமானது. ஜாதகத்தைப் பாருங்கள். 1991-92 ஃபைனலில் டெல்லியிடம் தோல்வி. 1995-96-ல் கர்நாடகாவிடம். 2002-03, 2003-04 இரண்டிலும் அடுத்தடுத்து மும்பையிடம். அப்புறம் 2012 ஜனவரி. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொட்டாவி வருகிறது.

சேப்பாக்கம், நம்ம ஊர். எதிரே ராஜஸ்தான். ரஞ்சியில் ஐந்து நாள் ஃபைனல் டிரா ஆனால், முதல் இன்னிங்ஸில் யார் அதிக ரன்னோ அவருக்கே கோப்பை. இதை ராஜஸ்தான்காரர்கள் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். வினீத் சக்சேனா என்று ஒரு புண்ணியவான் 665 பந்துகளைச் சந்தித்து 257 அடித்தார். அவசரமே இல்லை. ரேஷன் கடை க்யூவில் நிற்கிறவர் மாதிரி நின்றார். மொத்தம் 621. நம் பக்கம் தினேஷ் கார்த்திக் 150 அடித்தும் டீம் 295-தான். டிரா! கோப்பை ஜெய்ப்பூருக்குப் போய்விட்டது.

2015-ல் வாங்கடே மைதானத்தில் கர்நாடகாவோடு ஃபைனல். நாம் 134. அவர்கள் 762! கருண் நாயர் ஒருவரே 328. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

"பெரிய மேட்ச்னா நம்ம பசங்களுக்கு உதறல் சார். அவ்வளவுதான்" என்றார் டீ மாஸ்டர், பால் ஆற்றிக்கொண்டே. அவர் சுத்தமான மஞ்சள் ஜெர்ஸி கட்சி. தோனி இல்லாத எந்த மேட்சும் அவருக்கு மேட்சே இல்லை.

உதறல் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே தமிழ்நாடுதான் 2021-ல் ஒரே காலண்டர் வருஷத்தில் இரண்டு தடவை சையது முஷ்டாக் அலி டி20 கோப்பையை வாங்கியது. ஜனவரியில் ஒன்று, நவம்பரில் ஒன்று. நவம்பர் ஃபைனலில் கர்நாடகாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். ஷாருக் கான் சிக்ஸர் தூக்கினார். உதறுகிறவன் கை அந்தப் பந்தை மிட் ஆனில் கேட்ச்தான் கொடுக்கும். ஐம்பது ஓவர் விஜய் ஹசாரே கோப்பையையும் தமிழ்நாடு ஐந்து தடவை வாங்கியிருக்கிறது. ஆக, நாக் அவுட் நமக்கு ஒத்து வராமல் இல்லை. நாள் கணக்கில் ஆடும் நாக் அவுட்தான் ஒத்து வரவில்லை. அது வேறு வியாதி.

இந்த இடத்தில் மூலையிலிருந்து ஒரு குரல்.

"அங்கிள், நான் ஒண்ணு சொல்லலாமா?"

உடற்கல்வி படிக்கிற பையன். ஆறடி இரண்டங்குலம். பாஸ்கெட்பால் ஆடுகிறவன். கிரிக்கெட் பேசுகிற கூட்டத்தில் பாஸ்கெட்பால்காரன், கல்யாண வீட்டில் சைவ சாப்பாடு கேட்கிறவன் மாதிரி. ஆனாலும் வழிவிட்டோம்.

"அமெரிக்காவுல என்.பி.ஏ.ன்னு லீக் இருக்கு. அங்கேயும் இதே கதைதான். யூட்டா ஜாஸ்னு ஒரு டீம். கார்ல் மலோன், ஜான் ஸ்டாக்டன்னு ரெண்டு பெரிய ஆளுங்க. 1997, 1998 ரெண்டு வருஷமும் ஃபைனல் போனாங்க. ரெண்டு தடவையும் எதிரே மைக்கேல் ஜோர்டானோட சிகாகோ புல்ஸ். ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒரு கோப்பை கூட வாங்காமலே ரிடையராயிட்டாங்க."

'ரிடையர்' என்ற வார்த்தையில் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பையன் கவனிக்கவில்லை.

"2007-ல டல்லாஸ் மேவரிக்ஸ் லீக்ல 82 மேட்ச்ல 67 ஜெயிச்சாங்க. பிளேஆஃப் முதல் ரவுண்டுலயே எட்டாவது இடத்துல வந்த கோல்டன் ஸ்டேட் கிட்ட அவுட்! லீக்ல இன்னிக்கு ஒரு டீம், நாளைக்கு ஒரு டீம். பிளேஆஃப்ல ஒரே டீமோட ஏழு மேட்ச் வரைக்கும். நம்ம ஓட்டை எதுன்னு கண்டுபிடிச்சு அதுலயே குத்துவாங்க."

"அப்ப நம்ம ஓட்டை எது?" என்றார் அண்ணன்.

"அது உங்களுக்குத்தான் தெரியணும் அங்கிள்."

வாத்தியார் இதற்குள் சிகரெட் அட்டையைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "ஏழு மேட்ச்னு தம்பி சொன்னது முக்கியம். ஒரு டீம் பத்துக்கு ஆறு மேட்ச் ஜெயிக்கிற டீம்னு வச்சுக்குவோம். நல்ல டீம்தானே? ஏழு மேட்ச் சீரிஸ்னா அது ஜெயிக்க நூத்துக்கு 71 சான்ஸ். ஒரே மேட்ச்னா 60-தான். ரஞ்சியில கால், அரை, ஃபைனல். மூணும் ஒத்தை ஒத்தை மேட்ச். 60, 60, 60-ஐப் பெருக்குங்க. நூத்துக்கு 21, 22 வருது. அஞ்சு தடவை நாக் அவுட் போனா ஒரு தடவைதான் கப். இதுல ஓட்டையும் இல்லை, உதறலும் இல்லை."

"அந்தக் கணக்குலயே 36 வருஷத்துல நாலஞ்சு கப்பாவது வந்திருக்கணுமே வாத்தியாரே? மும்பைக்காரன் வச்சிருக்கானே ஒரு அலமாரி, அவனுக்கு என்ன கணக்கு?"

(பத்து நாளில் விதர்பாவையும் ஜெயித்து மும்பை தன் 42-வது கோப்பையை வாங்கியது. 1958-59-லிருந்து 1972-73 வரை ஒரு வருஷம் விடாமல் 15 தடவை வாங்கியவர்கள் அவர்கள்.)

வாத்தியார் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கணக்கு தப்பில்லை. மும்பையை அதற்குள் அடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் கட்சியை நானும் சொன்னேன். செமிஃபைனலுக்கு முந்தின மேட்ச் கோயமுத்தூரில். பந்து சுழல, நடப்பு சாம்பியன் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் மற்றும் 33 ரன்னில் சுருட்டினோம். அடுத்த வாரம் மும்பையில் பச்சைப் பசேல் என்று பிட்ச். பந்து சுழலவில்லை, சீறியது. நாம் சுருண்டோம். வெங்கட்ராகவன், வாசுதேவன், அஸ்வின், சாய் கிஷோர் என்று தலைமுறை தலைமுறையாக ஸ்பின்னர் வரிசை. வேகப் பந்து என்று விரல் மடக்கினால் ஒரு கை போதும். வலையில் தினமும் எதை ஆடுகிறானோ அதைத்தானே பேட்ஸ்மேன் மேட்சிலும் ஆடுவான்? வேகமே பார்க்காதவனை மும்பைப் புல்லில் கொண்டு நிறுத்தினால்?

நான் பெரிதாக ஏதோ சொல்லிவிட்ட திருப்தியில் வடையை எடுத்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகப் பந்து போடறவன் இல்லைன்னு யார் சொன்னா?"

அன்றைக்கு வரை எங்களுக்குத் தெரியாத சங்கதி. அண்ணன் காலேஜ் நாளில் ஃபாஸ்ட் பௌலர். கடலூரிலும் விழுப்புரத்திலும் டோர்னமெண்ட் ஆடியவர். அப்போது ஜில்லாக்களில் புல் பிட்ச் ஏது? கயிற்றுப் பாயை விரித்து நாலு மூலையிலும் ஆணி அடித்து ஆடுவார்கள். பாயில் குத்தினால் பந்து மூக்குக்கு எழும். ஒரு மேட்சைப் பார்த்த யாரோ, மெட்ராஸில் லீக் ஆடுகிற ஒரு கிளப்புக்கு செலக்ஷனுக்கு வரச் சொன்னார். மெட்ராஸ் லீக் என்றால் லேசுப்பட்டதல்ல. ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி கம்பெனி டீம்கள் வேலையும் கொடுத்து ஆடவைத்த காலம்.

"ராத்திரி பஸ் ஏறிப் போனேன். காலையில மழை பெஞ்சு ஓஞ்சிருந்துச்சு. புல் பிட்ச்ல நான் அதுவரைக்கும் ஒரு பந்து போட்டதில்லை. பாயில போடற அதே லெங்த்ல போட்டேன். பந்து முட்டிக்கு மேல எழும்பலை. பேட்ஸ்மேன் சாவகாசமா அடிச்சான். ஆறு ஓவர். அப்புறம் பேடைக் கட்டிக்கிட்டு உக்காருப்பான்னாங்க. சாயந்திரம் வரைக்கும் யாரும் கூப்பிடலை. ராத்திரி பஸ்ஸுல திரும்பிட்டேன்."

கடையில் பாய்லர் சத்தம் மட்டும்.

"அவங்க மேல தப்பில்லை. அவங்க பாத்தது ஆறு ஓவர். என்னை மாதிரி ஜில்லாவுக்கு ரெண்டு பேர் போயிட்டுத் திரும்பியிருப்பான். அத்தனை பேரும் இப்ப உன்னை மாதிரி ஒருத்தன் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறான்."

"இப்ப அப்படி இல்லையே அண்ணே. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலேருந்து நடராஜன் இந்தியாவுக்கே ஆடிட்டாரே!" என்றேன்.

"நடராஜன் பேரைச் சொன்னா சிதம்பரத்துக்காரன் எதிர்த்துப் பேச முடியுமா?" என்று சிரித்தார். "ஆனா அவரும் டென்னிஸ் பந்துல ஆடி, யாரோ ஒருத்தர் கண்ணுல பட்டு வந்தவர்தான். படாமப் போனவன் எத்தனை பேருன்னு வாத்தியாரைக் கணக்குப் போடச் சொல்லு."

வாத்தியார் அட்டையை வெளியே எடுக்கவே இல்லை.

மார்ச் கடைசியில் வழியனுப்பு விழா. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். சாப்பாடு லிஸ்ட் போடும்போது கேண்டீன்காரர் "கொத்சு வச்சுடலாமா?" என்றார். அண்ணன் கறாராக மறுத்துவிட்டார். "அது வேற கணக்கு. கலக்காதே." புளியோதரையும் கேசரியும் சாப்பிட்டோம்.

மறுவருஷம் 2025 பிப்ரவரி. தமிழ்நாடு மறுபடி கால் இறுதி. நாக்பூரில் விதர்பாவோடு. அண்ணன் இப்போது வீட்டில் பேரனோடு. முதல் நாளே எனக்கு போன்.

"என்னப்பா, எவனோ செஞ்சுரி அடிச்சிட்டானாமே. யாரு?"

எப்படிச் சொல்வது? பத்து வருஷத்துக்கு முன் கர்நாடகாவுக்காக 328 அடித்தாரே, அதே கருண் நாயர்தான். டீம் மாறி விதர்பாவுக்கு வந்து, இங்கேயும் நம்மை விடாமல் 122 அடித்திருந்தார். 198 ரன்னில் தோற்றோம். விதர்பா கோப்பையையே வாங்கிக்கொண்டு போனது.

அந்த ஜூன் மாதம் விசித்திரமான மாதம். பதினெட்டு வருஷம் கேலிக்கு ஆளான பெங்களூரு ஐ.பி.எல். கோப்பையை வாங்கியது. 1999 உலகக் கோப்பை செமிஃபைனலில் ரன் அவுட் ஆகித் தலை குனிந்து நின்றதிலிருந்து 'சோக்கர்' பட்டம் சுமந்த தென்னாப்பிரிக்கா, லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை அடித்து டெஸ்ட் சாம்பியன் ஆனது. டீ மாஸ்டருக்கு முதல் செய்தியில் வயிற்றெரிச்சல். மற்றவர்களுக்கு ஒரு சபலம்.

அன்று சாயங்காலம் கடைக்கு அண்ணன் வந்திருந்தார். பாஸ்கெட்பால் பையனும் இருந்தான், பரீட்சை முடிந்து ஊருக்குக் கிளம்பும் மூட்டையோடு. அண்ணன் அவனிடம் கேட்டார்:

"தம்பி, அந்த யூட்டாக்காரன் என்ன ஆனான்? அப்புறமாவது கப் வாங்கினானா?"

"இல்லை அங்கிள். இன்னும் இல்லை."

"பாவம்" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "ரஞ்சி எப்பப்பா ஆரம்பிக்குது, அக்டோபர்லயா?" என்றார்.