ஐந்தடி தூரத்துக் கிசுகிசுப்பு

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் கனரக லாரியோ பேருந்தோ ஓட்டுகிறவர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவச் சான்றிதழைப் புதுப்பித்தாக வேண்டும். அதற்கான பரிசோதனையில் ஒரு விசித்திரமான கட்டம் உண்டு. ஓட்டுநர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதைப் பரிசோதகர் பக்கம் திருப்பி, ஐந்தடி தள்ளி நிற்பார். பரிசோதகர் மூச்சை வெளியே விட்டு முடித்து, நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்றை வைத்து 66, 18, 23 என்று ஏதாவது எண்களைக் கிசுகிசுப்பார். இரண்டில் நல்ல காதுக்கு அது கேட்டால் போதும், தேர்ச்சி. காது மெஷின் போட்டிருந்தாலும் தடையில்லை.

செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் இப்படியொரு சோதனையா என்று சிரிப்பு வரலாம். ஆனால் இதற்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது. பேசும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. கிசுகிசுக்கும்போது அவை அதிர்வதில்லை. குறுகிய இடுக்கில் சீறிவரும் காற்று மட்டுமே ஒலியாகிறது. தாழ்ந்த சுருதி கழன்றுபோய், பெரும்பாலும் உயர் அதிர்வெண்களே மிஞ்சுகின்றன. வயதும் இரைச்சலும் காதிலிருந்து முதலில் பிடுங்கிக்கொள்வது அந்த உயர் அதிர்வெண்களைத்தான். மூச்சை விட்டபின் பேசச் சொல்வதிலும் சூட்சுமம் உண்டு. மிச்சக் காற்றில் யாராலும் குரலை உயர்த்த முடியாது. ஆகவே எந்தப் பரிசோதகர் கிசுகிசுத்தாலும் சத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ‘ஸ்’ ஒலி மிகுந்த சொற்களாகவே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ‘சிக்ஸ்டி சிக்ஸ்’ முழுக்கச் சீறல்; ‘எய்ட்டீன்’ அப்படியில்லை.

கிசுகிசுப்பில் தோற்றவருக்கு ஆடியோமீட்டர். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்றிலும் உள்ள இழப்பின் சராசரி 40 டெசிபலைத் தாண்டக் கூடாது. பேச்சு புரிவதற்கு இந்த எல்லை முக்கியம்தான். ஆனால் இரைச்சல் காதை அரிக்கத் தொடங்குவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டி. அந்த எண் இந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் காசில்லாத கிசுகிசுப்பே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

காதுக்குப் பிறகு மற்றவை. கண்ணுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் தெரிய வேண்டும். பக்கவாட்டுப் பார்வை கண்ணுக்கு 70 பாகையாவது இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இருந்தால் முழு இரண்டு ஆண்டுச் சான்றிதழ் கிடைக்கும். 180/110 தொட்டுவிட்டால், அது இறங்கும்வரை வண்டியைத் தொட முடியாது.

அடுத்தது சிறுநீர். போதைப்பொருள் சோதனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்; அது தனி. இங்கே பார்ப்பது புரதம், ரத்தம், சர்க்கரை, அடர்த்தி. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அப்போது சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டையின் நிறம் மாறும். ஸ்டியரிங் பிடித்திருப்பவரைத் திடீரென்று சாய்ப்பதோ ‘லோ ஷுகர்’. அதைப் பட்டை காட்டாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு நெடுங்காலம் தடை இருந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம். தனி விலக்கு வாங்கியவர்கள் மட்டுமே ஓட்டினார்கள். 2018 நவம்பரில் அது மாறியது. மூன்று மாதக் குளுக்கோமீட்டர் பதிவுகளையும், சிகிச்சை தரும் மருத்துவரின் படிவத்தையும் காட்டினால் அதிகபட்சம் 12 மாதத்துக்குச் சான்றிதழ் உண்டு. ஒரு நாள் சிறுநீரைவிட மூன்று மாதப் பதிவு எவ்வளவோ பேசும்.

எந்தப் பட்டையிலும் சிக்காதது ஒன்று உண்டு: ஓட்டுநர் சொல்லாமல் விடுவது. 1999 மே 9, அன்னையர் தினம். நியூ ஆர்லியன்ஸில் ஒரு சுற்றுலாப் பேருந்து நெடுஞ்சாலையை விட்டு விலகிப் பாய்ந்ததில் 22 பயணிகள் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கடுமையான இதய நோயும் சிறுநீரக நோயும் இருந்தன. கையில் மருத்துவச் சான்றிதழும் இருந்தது.

இந்த மாதிரி விபத்துகள் தந்த அழுத்தத்தில்தான் 2005இல் பரிசோதகர்களுக்குத் தேசியப் பதிவேடு கோரும் சட்டம் வந்தது. 2014 மே 21 முதல், பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் மட்டுமே சான்றிதழில் கையெழுத்திட முடியும். முடிவுகளும் அரசுக்குப் போய்விடும். ஆனாலும் நோய் வரலாற்றுப் படிவத்தில் மயக்கம், வலிப்பு, நெஞ்சுவலி என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ‘ஆம்’, ‘இல்லை’ டிக் அடிப்பவர், ‘ஆம்’ என்றால் சம்பளம் நின்றுவிடலாம் என்று தெரிந்த அதே ஓட்டுநர்தான்.