ஆக்ஸில் மாத்தியாச்சு, ஷாக் எந்த சைஸ்?

ஜீப் ராங்லர் டிஜே-ல பின்னாடி டானா 35-ஐ எடுத்துட்டு டானா 60 போடுறவங்க பலர், லிஃப்ட் எத்தனை இன்ச்னு மட்டும் பார்த்து ஷாக் வாங்குறாங்க. புது ஆக்ஸில்ல ஷாக் மவுன்ட் வேற இடத்துல இருக்கலாமே! கோட் எழுதுறவன் பாஷையில சொன்னா, ஹார்ட்வேர் மாறியாச்சு, பழைய கான்ஃபிக் ஓடாது.

அதனால நான் சொல்றது, அளந்து வாங்குங்க. சேஸியை ஸ்டாண்டுல நிறுத்தி, காயில் ஸ்பிரிங்கைக் கழட்டுங்க. பம்ப் ஸ்டாப் அமுங்குற வரை ஆக்ஸிலை ஜாக்கில் ஏத்தி, மேல் மவுன்டுக்கும் கீழ் மவுன்டுக்கும் நடுவுல அளங்க. பிரேக் ஹோஸ் இழுபடாம, முழுசா இறக்கியும் அளங்க.

16, 24.5 இன்ச்னு வருதா? சுருங்கினா 15, நீண்டா 25 இன்ச் இருக்கிற ஷாக் பொருந்தும். சுருங்கின நீளம் கூடினா, பம்ப் ஸ்டாப்புக்கு முன்னாடியே ஷாக் முட்டி மவுன்ட் உடையலாம். நீண்ட அளவு குறைஞ்சா, தொங்குற ஆக்ஸிலோட எடை ஷாக் ராடு மேலதான்.