திங்கட்கிழமை வயிற்றுவலி!

வில்லாபுரத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு ஒரு திங்கட்கிழமை காலையில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரனோடு ஓர் அம்மாச்சி வந்தார். "பள்ளிக்கூடம் கிளம்புற நேரம் பாத்து வயித்தைப் பிடிச்சுக்கிறான் டாக்டர். சனி, ஞாயிறுல ஒண்ணுமில்லை, நல்லாத்தான் விளையாடுறான்" என்றார்.

நாடி பார்த்தேன். நாக்கையும் வயிற்றையும் பார்த்தேன். பூச்சித் தொல்லை இல்லை, மாந்தமும் இல்லை. மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "யாரு சண்டை போட்டாலும் டீச்சர் என்னையத்தான் எந்திரிக்கச் சொல்றாங்க. அப்பா இல்லாம வளர்றவன் அப்படித்தான்ங்கறாங்க" என்றான்.

அவனுடைய பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள். வலி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது.

அந்த டீச்சர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பால்வாடி ஆயாவிலிருந்து பெரிய வாத்தியார் வரை, ஏன், நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. 1978-ல் அமெரிக்காவில் சான்ட்ராக், ட்ரேசி என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆசிரியர்களுக்கு ஒரே சிறுவனின் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேரிடம் 'இவன் பெற்றோர் பிரிந்தவர்கள்' என்றார்கள், மீதிப் பேரிடம் 'சேர்ந்து வாழ்கிறவர்கள்' என்றார்கள். 'பிரிந்தவர்கள்' என்று கேட்டவர்களுக்கு அதே பையன் சந்தோஷம் குறைந்தவனாகவும், கஷ்டத்தைச் சமாளிக்கத் தெரியாதவனாகவும் தெரிந்தான்!

பிரிவு நடந்த முதல் ஓரிரு வருடம் தூக்கம், பசி, படிப்பு எல்லாம் தடுமாறலாம். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். தேறவிடாமல் செய்வது நாம் ஒட்டும் முத்திரைதான். "ஐயோ பாவம்" என்பதும் ஒரு முத்திரையே.

ஆசிரியர்களே! தப்பு செய்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே கண்டியுங்கள், குடும்பத்தை இழுக்காதீர்கள். "அப்பா கையெழுத்து வேணும்" என்று அடம்பிடிக்காதீர்கள். அப்பா உயிரோடு இருந்தாலும், பிள்ளையை அவர் கவனிக்காத நிலையில் அம்மாவே காப்பாளர் ஆகலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெற்றோர்களே! விஷயத்தை மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பிள்ளை முன்னால் ஒருவரை ஒருவர் ஏசாதீர்கள். ஆலோசனை வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணில் பேசலாம். ஒரு எச்சரிக்கை: இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு, மலத்தில் ரத்தம் இருந்தால் 'மனசுதான்' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அவன் அம்மாவை டீச்சரிடம் போய்ப் பேசச் சொன்னேன். பேசினார். டீச்சரும் புரிந்துகொண்டு, நோட்டு அடுக்கி வைக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். ஒரு மாதம் கழித்து அம்மாச்சி மட்டும் வந்தார், தன் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க. "பேரன் எங்கே?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டான் டாக்டர்!"