முற்றமில்லாத வீட்டுக் குழந்தை

கிராமத்துக் குழந்தைக்கு வெளியுலகைக் காட்டுவதற்கென்று எவரும் தனியே திட்டமிடுவதில்லை. யாழ்ப்பாணத்து வீடொன்றில், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும், தாயின் தோளிலோ அம்மம்மாவின் மடியிலோ இருந்தபடி குழந்தை முற்றத்துக்கு வந்துவிடுகின்றது. வேம்பின் நிழலும், கிணற்றடிச் சத்தமும், படலையைத் திறந்துகொண்டு வரும் அயலவரின் குரலும் அதன் முதற் பாடங்களாகின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடொன்றில் வளரும் குழந்தைக்கு இவற்றுள் எதுவும் தானாக வந்து சேர்வதில்லை. கதவைத் திறந்தால் மாடிப்படி. படி முடிந்தால் வீதி. ஆகவே அக் குழந்தைக்குரிய முற்றத்தைப் பெற்றோரே நகரத்தினுள் தேடிக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

இத் தேடல் வெறும் பொழுதுபோக்கன்று. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ளவையே தெளிவாகத் தெரியும். பாலூட்டும் தாயின் முகம் அவ்வளவு தூரத்திலேதான் இருக்கின்றது. மாதங்கள் செல்லச் செல்லப் பார்வை விரிகின்றது. அசையும் இலையையும் பறக்கும் காகத்தையும் பின்தொடர்ந்து நோக்கக் கண் பழகுகின்றது. பகலெது இரவெது என்னும் உணர்வும் பிறப்போடு வருவதன்று. பகலில் வெளிச்சத்தையும் இரவில் இருளையும் கண்டு, இரண்டு மூன்று மாதங்களிலேயே உடல் அவ்வொழுங்கை மெல்லக் கற்றுக்கொள்கின்றது.

தாயின் நிலையும் சிந்திக்கத்தக்கது. ஊரிலே பலர் கூடி ஏந்தும் சுமையை நகரிலே ஒருத்தி தனித்துத் தாங்குகின்றாள். கணவன் காலையில் வேலைக்குச் சென்றபின், மாலைவரை அவளோடு வாய்திறந்து பேசுவார் இலர். பேற்றுக்குப் பின் முதற் சில நாட்களில் மனம் சோர்வதும் காரணமின்றிக் கண்ணீர் வருவதும் பலருக்கும் இயல்பு. அச் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின் அது நோயாக இருத்தல் கூடும். பிள்ளை பெற்றவள் அழலாகாது என்று கண்டித்து அதனை அடக்கிவிடாது, மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ கூறுதல் வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் வெளியே நடந்து வருவது அந் நோய்க்கு முழு மருந்தாகாது. ஆயினும் நான்கு சுவர்களின் இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு அதனினும் எளிய வழி வேறில்லை.

கொழும்புக் குழந்தைகள் பலருக்கு முதல் வெளிப்பயணம் தாய்சேய் நல நிலையத்துக்கே அமைகின்றது. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசி வைத்தியசாலையிலேயே ஏற்றப்பட்டுவிடும். அதன்பின் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும், ஒரு வயது நிறைந்ததும் தடுப்பூசிகள் உரியன. நிறையும் வளர்ச்சியும் அங்கேயே குறிக்கப்படுகின்றன. இப் பயணத்தைத் தவிர்க்க முடியாதாகையால், இதனையே பயிற்சியாகக் கொள்வது நன்று. எவ்வளவு நேரத்தில் குழந்தைக்குப் பசிக்கின்றது, எந்தச் சத்தத்திற்குத் திடுக்கிடுகின்றது, எந்த நிலையில் உறங்குகின்றது என்பவற்றை இதன்போது கண்டறிந்த தாய், அடுத்த பயணத்துக்கு அஞ்சமாட்டாள்.

இனி, எந்த வேளையில் வெளியே செல்வது என்னும் வினா எழுகின்றது. கொழும்பு நகரம் பூமத்திய கோட்டுக்கு ஏறக்குறைய ஏழு பாகை வடக்கே இருக்கின்றது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் இந் நகரின் உச்சிக்கு நேரே நிற்கின்றது. வளர்ந்தவர் இவ் வெப்பத்தை வியர்வையாற் தணித்துக்கொள்வர். குழந்தையோ அவ்வாறு செய்யவல்லதன்று. அதன் நிறையோடு ஒப்பிடுமிடத்து அதன் தோற்பரப்பு அதிகமாகையால், சூழலின் வெப்பத்தை விரைவில் ஏற்றுக்கொள்கின்றது. வியர்த்துத் தணியும் ஆற்றலோ குறைவு. ஆதலால் காலை எட்டரை மணிக்கு முன்பும் மாலை நாலரை மணிக்குப் பின்புமே குழந்தைக்கு உகந்த வேளைகளாம்.

ஆயின் நகரத்தில் இவ்விரு வேளைகளுக்கும் வேறு உரிமையாளரும் உளர். பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் வாகனங்கள் காலி வீதியை நிறைப்பது அப்பொழுதே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. அதிலும் விடிந்தபின் சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்திய சில மணி நேரமும் அது மிகுதியாகக் கடிக்கின்றது. 2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 180,000 இற்கு மேற்பட்டோர் அந் நோய்க்கு ஆளாகினர் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனவே வேளையைத் தெரிந்தெடுப்பதோடு இடத்தையும் தெரிந்தெடுத்தல் வேண்டும். நீர் தேங்கிய பற்றைகளின் அருகே அமராது, காற்றோட்டமுள்ள திறந்த வெளியை நாடுவதும், கைகால்களை மூடும் மெல்லிய பருத்தியுடை அணிவிப்பதும், தள்ளுவண்டிக்கு வலை இடுவதும் தக்க காப்புகளாகும்.

இங்கே ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் அவசியம். வலை வேறு, துணி வேறு. வெயில் படாதிருக்க வேண்டுமென்று எண்ணித் தள்ளுவண்டியின் வாயைத் துவாயினாலோ சேலையினாலோ மூடிவிடுவார் உளர். அவ்வாறு மூடினால் உள்ளே காற்று ஓடாது. சிறிது நேரத்திலேயே வெப்பம் ஏறிவிடும். குழந்தையின் முகமும் தாயின் கண்ணுக்கு மறைந்துவிடும். மூடிய மோட்டார் வாகனத்தினுள்ளும் இதே ஆபத்து உண்டு. கடைக்குச் சென்று ஒரு நிமிடத்தில் வருவதாக எண்ணியேனும் குழந்தையை அதனுள் தனியே விடலாகாது.

வீதியோரத்திலே தள்ளுவண்டியிற் கிடக்கும் குழந்தையின் முகம் நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்கு உட்பட்ட உயரத்தில் இருக்கின்றது. வாகனங்களின் புகை செறிந்து நிற்பதும் அவ்வுயரத்திலேதான். தாயின் மூக்குக்கு எட்டாத புகை குழந்தைக்கு எட்டுகின்றது. நடைபாதை உடைந்தும், அதன்மேல் வண்டிகள் நிறுத்தப்பட்டும் இருக்கும் நகரத்தில் தள்ளுவண்டி பல இடங்களில் வீதிக்கே இறங்க நேர்கின்றது. ஆகவே பெருவீதியை விட்டு ஒழுங்கைகளின் வழியே செல்வதும், குறுகிய தூரமாயின் குழந்தையை மார்போடு அணைத்துச் செல்வதும் மேல். துணித்தொட்டிலிற் கட்டிச் சுமக்குமிடத்து, குழந்தையின் முகம் எப்பொழுதும் கண்ணிற் படல் வேண்டும். நாடி மார்பிற் படிந்து மூச்சு நெருக்குண்ணாதிருத்தல் வேண்டும். முச்சக்கர வண்டியில் ஓரத்தில் அமராது நடுவில் அமர்வதும், காரின் முன்னாசனத்தில் குழந்தையை மடியில் வைத்துச் செல்லாதிருப்பதும் மறவற்க. மோதுண்ட வேளையில் எவருடைய கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலிமையுடையதன்று.

உணவைப் பற்றிய கவலை பல தாய்மாரை வீட்டிலேயே கட்டிவிடுகின்றது. ஆறு மாதம் நிறையும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். வெயிற் காலத்திலும் தண்ணீர் வேண்டுவதில்லை. அடிக்கடி பாலூட்டினால் தாகமும் தணியும். போத்தலும் சுடுநீரும் சுமந்து திரியும் தொல்லை இன்மையால், பயணத்துக்குத் தாய்ப்பாலினும் வசதியான உணவு பிறிதில்லை. வேண்டுவது ஒதுக்கமான ஓர் இருக்கை மாத்திரமே. அதனை அளிப்பது கடைகளினதும் நிலையங்களினதும் பொறுப்பு. அதனைக் கண்டு முகஞ்சுளிக்காதிருப்பது ஏனையோரின் பொறுப்பு.

வெளியே சென்ற குழந்தையைக் காண்போர் சும்மா இருப்பதில்லை. கன்னத்தைக் கிள்ளுவர், கையை முத்தமிடுவர். அன்பு நல்லது. ஆயினும் வளர்ந்தவருக்குச் சிறு தடிமனாய் வந்து போகும் கிருமி, சிறு குழந்தைக்கு மூச்சுத்திணறலாய் முடிதல் கூடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். நாவூறு படாதிருக்கக் கன்னத்தில் இடும் கரும்பொட்டைக் கண்டதும் விலகிநின்று வாழ்த்தும் வழக்கம் ஏற்படுமாயின், அப் பொட்டினால் உண்மையிலேயே பயன் விளையும். கண்ணினுள் மை தீட்டுவதோ தவிர்க்கப்பட வேண்டியது. சில மைகளில் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

எங்கே செல்வது? விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழல் கைக்குழந்தைக்கு மிக உகந்தது. ஞாயிறு காலையில் வீதிகளும் ஓய்ந்திருக்கும். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை ஓடித்திரியும் பிள்ளைக்கு ஏற்றதாயினும், கூட்டமும் நடையும் மிகுதியாகையாற் கைக்குழந்தைக்கு அவசரமில்லை. காலிமுகத் திடலின் வரலாறோ இங்கு குறிப்பிடத்தக்கது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 ஆம் ஆண்டில் அங்கு தொடங்கிய உலாப்பாதை 1859 இல் நிறைவெய்தியது. கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நன்மைக்காக அதனைப் பேணுமாறு, தமக்குப்பின் வருவோரை வேண்டும் வாசகத்தை அவர் கல்லிலே பொறிப்பித்தார். வடை விற்போரும் பட்டம் விடுவோரும் நிறைந்த அத் திடலில், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும். ஏனைய மாதங்களில் மாலை வெயில் தணிந்தபின் அரைமணி நேரம் அங்கு நடப்பது தாய்க்கும் சேய்க்கும் இதமளிக்கும்.

குழந்தையோடு செல்லும் பயணத்தில் நேரத்தை வகுப்பது குழந்தையே என்பதைப் பெற்றோர் முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். அழுகை தொடங்கியபின் இன்னும் ஒரு கடைக்குச் சென்று வரலாம் என்பது வீண்முயற்சி. ஒரு நாளைக்கு ஒரு கருமம், ஓர் இடம், ஒரு மணி நேரம் என்னும் அளவே போதுமானது. மாலையில் வீடு திரும்பும் தந்தை குழந்தையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு ஒழுங்கை முடிவுவரை நடந்து வருவாராயின், தாய்க்கு அந்த இருபது நிமிடம் ஓய்வாகும். தந்தைக்கும் பிள்ளைக்கும் அது உறவாகும்.

ஊரிலே முற்றத்தைக் கூட்டி வைத்தவர் வீட்டார். நகரத்தின் முற்றமோ எல்லார்க்கும் பொதுவானது. நடைபாதையில் வண்டியை நிறுத்தாத சாரதியும், பேருந்தில் எழுந்து இடங்கொடுக்கும் இளைஞனும், சிரட்டையிலும் பூச்சாடியிலும் நீர் தேங்கவிடாத அயலவரும் தாம் அறியாமலே ஏதோவொரு குழந்தையின் முற்றத்தைத் துப்புரவு செய்தவராகின்றனர்.