அறுந்த இழையும் தலைமைப் பொறுப்பும்

திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரிலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டு நெய்வோரின் இல்லங்களில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். பல்லாயிரம் பாவு இழைகளுள் ஒன்று அறுந்தாலும் நெசவாளர் தறியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடிப் பிணைத்த பின்னரே நாடாவை ஓட்டுகிறார். நிறுத்தாது நெய்தால், அக்குறை சேலையின் நீளவாட்டில் ஒரு கோடாகத் தொடரும். தலைமைத்துவத்தைப் பற்றி இன்று பல நாடுகளிலும் பேசப்படும் 'லீன்' என்னும் கோட்பாட்டின் வேர்களுள் ஒன்று, ஜப்பானியத் தறியொன்றில் இருந்த இதே வழக்கமாகும்.

தச்சரின் மகனான சாக்கிச்சி டொயோடா 1924-ல் நிறைவு செய்த தானியங்கித் தறி, இழை அறுந்தவுடன் தானே நின்றது. அதனால் ஒருவரே பல தறிகளைக் கவனிக்க இயன்றது. அக்குடும்பத்தினர் 1937-ல் மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினர். நெசவாலையில் பணியாற்றி 1943-ல் அங்கு வந்த தாய்ச்சி ஓனோ, குறை கண்டால் நிற்கும் தறியின் இயல்பை மனிதருக்குரிய உரிமையாக விரித்தார். குறையைக் காணும் தொழிலாளி எவராயினும் உற்பத்தி வரிசையை நிறுத்தலாம். 'யார் செய்தது?' என்று கேளாமல், 'ஏன் நிகழ்ந்தது?' என்று ஐந்து முறையேனும் வினவ வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

இதை நம் தறிக்குப் பொருத்திப் பார்ப்போம். இழை ஏன் அறுந்தது? தேய்ந்த அச்சு உரசியது. அச்சு ஏன் மாற்றப்படவில்லை? அச்செலவு நெசவாளர் தலையில் விழுகிறது. ஏன்? கூலியை நிர்ணயிப்பவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இழையில் தொடங்கிய கேள்வி தலைமையிடம் வந்து நிற்கிறது. இதனாலேயே பெரும்பாலான குறைகள் அமைப்பைச் சார்ந்தவை, அமைப்போ நிர்வாகத்தின் பொறுப்பு என எட்வர்ட்ஸ் டெமிங் வற்புறுத்தினார். அவர் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் தரப் பரிசை, இந்தியாவில் முதன்முதலாக 1998-ல் பெற்றது சென்னைப் பாடியில் அப்போது இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனமே.

'லீன்' என்னும் பெயர் 1988-ல் ஜான் கிராஃப்சிக் எழுதிய கட்டுரையால் பரவிற்று. மெலிவைக் குறிக்கும் அச்சொல்லை ஆட்குறைப்பு எனப் பொருள்கொள்வோர் உளர். ஆனால் டொயோட்டா நிறுவனம் 2001-ல் தன் நெறியைத் தொகுத்தபோது, இடைவிடா மேம்பாடு, மனிதரை மதித்தல் ஆகிய இரண்டையும் தூண்களாக நிறுத்தியது. இரண்டாவதை அகற்றினால் முதலாவது வெறும் சுமையாகிவிடும். நெய்த அளவுக்கே கூலி பெறுபவருக்குத் தறி நிற்கும் நேரம் இழப்பாகும். அதன்மேல் குறைக்காகக் கூலியும் பிடிக்கப்படுமாயின், அடுத்த குறையை அவர் மறைக்கவே முயல்வார். தண்டனை குறையை நீக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது.

பள்ளி, விடுதி, மருத்துவமனை, சபை அலுவலகம் ஆகியவற்றின் பொறுப்பை ஏற்கும் நமக்கும் இது பொருந்தும். கணக்கில் பிழை நேர்ந்ததென எழுத்தர் ஒருவர் தாமே முன்வந்து கூறும்போது, நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் எது? அவர் குனிந்த தலையுடன் திரும்பினால், அடுத்த பிழை நம்மிடம் வராது. வேண்டுமென்றே செய்த மோசடியை விசாரிக்கத்தான் வேண்டும். தவறுதலையும் அவ்வாறே நடத்துவது நீதியாகாது. பணிபுரிவோரின் இடத்துக்கே சென்று காண்பதும், நிறுத்தியவருக்கு நன்றி கூறுவதும், நம் பங்கான குறையை முதலில் ஒப்புக்கொள்வதும் தலைமையின் கடமைகளாம். அறுந்த இழையைக் கண்டவர் அஞ்சாமல் தறியை நிறுத்தும் இடத்தில்தான் குறையற்ற சேலை உருவாகும்.