மாரியில் மட்டக்களப்பு

மட்டக்களப்புக்குச் செல்ல ஏற்ற காலம் யாதெனக் கேட்பின், மே தொடக்கம் செப்ரெம்பர் வரை என்றே எவரும் விடையிறுப்பர். அப்பொழுது பாசிக்குடாக் கடல் குளம்போற் கிடக்கும். வாவி அசைவற்றிருக்கும் நிலவிரவிலே துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மேனுனியிற் செவிவைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்க முயல்வோரும் உளர். நாமோ மடுல்சீமையிலிருந்து டிசம்பர் விடுமுறையிற் சென்றோம். தங்குமிடத்து முதியவர், “மாரிக்குள்ள என்னத்தப் பாக்க வந்த நீங்க, சேர்?” என்றார். அவருக்கு அன்று நாம் கூறாத விடையை இங்கு எழுதுகின்றோம்.

முதலிற் காற்றை அறிதல் வேண்டும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து நம் மலைகளின்மேல் வறண்டு வீசுகின்றது. ஊவாத் தேயிலை நறுமணத்தாற் புகழ்பெறும் யூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்கள் அவையே. அக்காற்றே கீழிறங்கி வெம்மையுற்று, மட்டக்களப்பிற் கச்சான் எனப் பெயர் பெறுகின்றது. ஐப்பசிக்குப் பின்னர் வாடை கடலினின்றும் ஈரஞ் சுமந்து கரையேறி, அவர்களை நனைத்தபின் நம்மை நனைக்கின்றது. மட்டக்களப்பின் ஆண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது நவம்பர் முதல் சனவரி வரையிலேயே பெய்கின்றது. வட ஆபிரிக்காவின் அலெக்சாந்திரியாவும் கோடையிற் கெய்ரோ மக்களால் நிறைந்து, மழைக்காலத்தில் ஊராருக்கே உரியதாகும் கடற்கரை நகரமாம். எனினும் அங்கு ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 200 மில்லிமீற்றரே. மட்டக்களப்பில் டிசம்பர் ஒரு மாதமே அதனை விஞ்சிவிடும்.

பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை செங்கலடியில் முடிகின்றது. அங்குள்ளோர் அதனைப் பதுளை வீதி என்றே வழங்குவர். நம் பெயரை அங்கே கேட்பது ஒரு தனி மகிழ்ச்சி. கோடையிற் செல்வோர் புழுதியாகக் காணும் மானாவாரி வயல்களெல்லாம் மாரியிற் பெரும்போகப் பயிராற் பச்சையுறும்.

வாவியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கோடையில் அதன் முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைத்துவிடும். மாரிவெள்ளம் வயல்களில் ஏறுங்கால் அத்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். எப்பொழுது வெட்டுவது என்பதே வழக்கு. பிந்தினாற் பயிர் அழுகும். முந்தினால் வாவி நீர் வற்றி, மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும். உழவரும் மீனவரும் இதில் ஒருமனப்படுதல் அரிது. நகரின் உயிர்நாடியான இவ்வழக்கைக் கோடைச் சுற்றுலாவினர் அறியார்.

புளியந்தீவிலே, போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைக்கொண்ட கோட்டையை மழை ஓய்ந்த ஒரு மணிநேரத்திற் பார்த்துவிடலாம். கல்லடியில் விபுலாநந்த அடிகளின் சமாதியருகே மழையிலும் நிற்கலாம். தமிழாசிரியராகிய நாம் நின்றோம்.

இடர்களையும் மறைத்தலாகாது. அக்காலத்திற் பாசிக்குடாவில் நீராடுதல் தகாது. மண்சரிவால் நம் மலைவீதி அடைபடவுங் கூடும். 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி இப்பருவத்தின் பிள்ளையே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை பருவத்தைச் சார்ந்ததன்று. எனினும் அதன் நினைவுநாளும் மாரியிலேயே வருகின்றது.

அந்நாட் காலை நாம் நாவலடிக்குச் சென்றோம். தங்குமிடத்து முதியவரும் அங்கு வந்திருந்தார். தம் மகளுக்கென ஒரு விளக்கேற்றினார். தூறல் விடவில்லையாதலால், திரி அணையாதிருக்க நாம் குடையைப் பிடித்து நின்றோம்.