நெற்கணக்குக் கொப்பியும் இணைய மென்பொருளும்: சிறு வணிகக் கணினிமயமாக்கம் குறித்துச் சில குறிப்புகள்

சிறு வணிக நிலையமொன்று தனக்கெனத் தனியானதொரு மென்பொருளை ஆக்குவித்துக்கொள்வது இன்று அருமையான நிகழ்ச்சியன்று. ஆயினும் அம்முயற்சி எமது சூழலிற் பெரும்பாலும் நிரலாளரின் தொழில்நுட்ப விடயமாகவே கருதப்படுகின்றது. உடைமையாளர் விலை பேசுகிறார். நிரலாளர் சில திரைகளை வரைந்து காட்டுகிறார். மூன்று நான்கு மாதங்களிற் பொருள் கையளிக்கப்படுகின்றது. இவ்விருவருக்கும் அப்பால், அந்நிலையத்தின் கணக்கில் இடம்பெறும் ஏனையோர் எவரும் கலந்தாலோசிக்கப்படுவதில்லை. முற்போக்காளர்களாகிய நாமும், தொழில்நுட்பம் அடித்தளத்தைச் சேர்ந்ததா மேற்கட்டுமானத்தைச் சேர்ந்ததா என்று விவாதித்த அளவுக்கு, ஒரு நெற்கடையின் தரவு அட்டவணையை விரித்துப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அவ்வட்டவணையிலேதான் உற்பத்தி உறவுகள் நிரல்களாகவும் நிரைகளாகவும் வரையப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

வாதத்தை வெறும் கருத்துநிலையில் வைக்காது, ஓர் இடத்தில் வைத்து நோக்குவது பயன்தரும். அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக் கரையோர ஊர்களுக்கு உட்புறமாக, இறக்காமம் பிரதேசத்தில் அமைந்துள்ளது வரிப்பத்தான்சேனை. தமிழ்பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் நெற்செய்கைக் கிராமம் அது. 1949 இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் நீரையும் நிலத்தையும் குடிப்பரம்பலையும் பெரிதும் மாற்றியமைத்தது. பெரும்போகம், சிறுபோகம் என்னும் இரு போகங்களே இங்குள்ள வணிகத்தின் நாட்காட்டி. இவ்வூரில் நெல் கொள்வனவு செய்து, குற்றி, அரிசியாக விற்கும் சிறு நிலையமொன்றை மனத்திற் கொள்வோம். உடைமையாளர், ஒரு கணக்கப்பிள்ளை, ஆலை இயக்குபவர், மூடை தூக்கும் நாலைந்து நாட்டாமைமார் ஆகியோரைக்கொண்ட நிலையம். (தமிழகத்தில் ஊர்த்தலைவனைக் குறிக்கும் ‘நாட்டாமை’ என்னுஞ் சொல் இங்கு சுமைதூக்குந் தொழிலாளியைக் குறிப்பது சொற்பொருள் வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.) இந்நிலையத்தின் இன்றைய ‘மென்பொருள்’ கணக்கப்பிள்ளையின் நீண்ட கொப்பியே.

அக்கொப்பியை ஊன்றி நோக்கின், கடையில் விற்கப்படும் பொதுக் கணக்கு மென்பொருள்கள் ஏன் இங்கு பொருந்துவதில்லை என்பது தெளிவாகும். பொதுமென்பொருளில் ‘வட்டி’ என்றொரு நிரல் உண்டு. இவ்வூரில் அது வெறுமையாகவே கிடக்கும். வட்டி மார்க்கத்தால் விலக்கப்பட்டது. ஆனாற் கடன் இல்லை என்பது அதன் பொருளன்று. விதைப்புக் காலத்தில் உரமும் பணமும் முற்கூட்டி வழங்கப்படுகின்றன. அறுவடையில் அவை நெல்லாகத் திரும்புகின்றன. முற்பணத்தை முழுமையாகச் செலுத்தி, பொருளின் அளவையும் தரத்தையும் ஒப்படைக்கும் நாளையும் அறுதியிட்டுச் செய்யும் ‘ஸலம்’ ஒப்பந்தத்தை இஸ்லாமியச் சட்டவியல் ஏற்கின்றது. ஆயின் நடைமுறையில் முற்பணத்தின் விலை, பின்னர் நெல்லுக்குக் கொடுக்கப்படும் குறைந்த விலையினுள் மறைந்துகொள்ளவும் கூடும். கொப்பியில் இதற்கெனத் தலைப்பு எதுவுமில்லை. பெயரின் அருகே ஒரு புள்ளி, ஒரு சுழி, அடிக்கோடு. அவற்றின் பொருளை அறிந்தவர் கணக்கப்பிள்ளை ஒருவரே. வணிக மூலதனம் உற்பத்தியாளனைப் பற்றிக்கொள்ளும் கண்ணி அந்தச் சுழியிலே உள்ளது. மென்பொருள் ஆக்குபவர் அச்சுழியைக் கண்டுகொள்ளாவிடின், அவர் ஆக்கும் பொருள் அழகியதாயினும் பயன்படாது. கண்டுகொண்டால், அதனை எப்பெயரால் அட்டவணையில் எழுதுவது என்னும் வினா எழும்.

திட்டமிடல் என்பது உண்மையில் இவ்வினாவே. பிரெட் புறூக்ஸ் 1986 இல் எழுதிய கட்டுரையில், மென்பொருள் ஆக்கத்தின் மிகக் கடினமான பகுதி எதனை ஆக்குவது என்று துல்லியமாகத் தீர்மானிப்பதே எனக் கருதினார். அது சரியானது, ஆனால் யாருக்கு எதனை என்று நாம் மேலுமொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

வரலாறும் இதற்குச் சான்றாக உள்ளது. வணிகப் பணிக்கெனக் கணினியை முதன்முதலிற் கையாண்டது போர்த்தளவாட நிறுவனமன்று. இலண்டனில் தேநீர்க்கடைகளை நடத்திய லயன்ஸ் நிறுவனமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியைத் தழுவி அந்நிறுவனம் கட்டிய ‘லியோ’, 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்குகளைப் பார்க்கத் தொடங்கியது. 1954 அளவில் தேநீர்க்கடைகளின் நாளாந்த வழங்கலும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கு கவனிக்கத்தக்கது இயந்திரமன்று. ஒவ்வொரு கடைக்கும் கிழமை நாளுக்கேற்ற வழக்கமான கட்டளை ஒன்று முன்கூட்டியே பதிவாகியிருந்தது. கடையைப் பொறுப்பேற்று நடத்திய பெண், மாற்றங்களை மாத்திரம் தொலைபேசியிற் சொன்னாற் போதும். வேலை எவ்வாறு நிகழ்கிறதென்பதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தபின்னரே டேவிட் கமினரும் அவர் சகாக்களும் நிரல் எழுதினர். எனினும் அந்த ஆராய்ச்சி முகாமையாளரின் கண்கொண்டு செய்யப்பட்டது. ஹரி பிறேவர்மன் ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ (1974) என்னும் நூலில் விளக்கிய, சிந்தித்தலையும் செய்தலையும் பிரிக்கும் போக்கு அதனுள்ளும் தொழிற்பட்டது. மாறாக, 1970களின் தொடக்கத்தில் நோர்வேயில், சிமுலா நிரல்மொழியை ஆக்கிய இருவருள் ஒருவரான கிறிஸ்தன் நைகார்ட் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து பணியாற்றினார். தொழிலிடத்திற் புகுத்தப்படும் கணினி அமைப்பைத் தொழிலாளர் தாமே ஆராய்ந்து தம் கோரிக்கைகளை முன்வைக்கலாம் என்பதை அம்முயற்சி காட்டியது. இவ்விரு மரபுகளுள் எதனைத் தெரிவது என்பதை எமது நெற்கடையும் தீர்மானிக்கவேண்டியுள்ளது. தீர்மானிக்காது விட்டால் முதலாவது மரபே தானாக நடைமுறைக்கு வரும்.

இனிச் சில விவரங்களுக்கு வருவோம். முதலில் நிறை. ஈரப்பதன் 14 சதவீதமுள்ள நெல்லே உலர்ந்த நெல்லாகக் கொள்ளப்படுவது. 18 சதவீத ஈரப்பதனுடன் 1000 கிலோ நெல் வந்தால், அதிலுள்ள உலர்பொருள் 820 கிலோ, அதனை 0.86 ஆல் வகுக்கப் பெறப்படுவது ஏறத்தாழ 953.5 கிலோ. கழிவு 46.5 கிலோ. நூறு கிலோவுக்குச் சதவீதமொன்றுக்கு ஒரு கிலோ என்னும் கைக்கணக்கைக் கையாளின் கழிவு 40 கிலோ மாத்திரமே. ஈண்டு விஞ்ஞானபூர்வமான சூத்திரம் கொள்வனவாளருக்கும், கணிதநோக்கிற் பிழையான கைக்கணக்கு விவசாயிக்கும் சாதகமாகவுள்ளன! நிரலாளர் பாடநூலைப் பார்த்து ஒரே வரியிற் சூத்திரத்தை எழுதிவிடுவார். அந்த ஒரு வரியால் 6.5 கிலோ நெல் கைமாறிவிடும். சூத்திரமே வேண்டும் என்று முடிவாயின், சாக்கின் நிறைக்கெனக் கழிப்பதையும் அதேயளவு விஞ்ஞானபூர்வமாக, வெறுஞ்சாக்கை நிறுத்துக் கழிக்கவேண்டும் என்று விவசாயி கேட்பதில் நியாயமுண்டு. ஒரு பக்கத்துக்கு மாத்திரம் துல்லியம் கோரும் துல்லியத்தை நாம் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும்.

அடுத்தது பெயர். முகம்மது, முஹம்மது, முஹம்மத், முஹம்மட் என ஒரே மனிதரின் பெயர் நால்வகையாக எழுதப்படும் ஊரில், பெயரைக்கொண்டு ஆளைத் தேடும் மென்பொருள் ஒருவரின் கடனை நால்வருக்குப் பங்கிடும். அல்லது நால்வரின் கடனை ஒருவர் தலையிற் சுமத்தும். கிரந்த எழுத்து வேறுபாடுகளைப் பொருட்படுத்தாது தேடும் வசதி அமைக்கப்படவேண்டும். தேசிய அடையாள அட்டை எண்ணைச் சேர்ப்பது உதவும். ஆனால் 2016 தொடக்கம் அவ்வெண் பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்டது, முந்தியது ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. இரண்டையும் ஏற்காத நிரல் இளையோரையோ முதியோரையோ வெளியே நிறுத்திவிடும். தமிழ் எழுத்துகள் 1991 இலேயே யுனிகோட் குறிமுறையில் இடம்பெற்றுவிட்டன. ஆகவே பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தரவைச் சேமிப்பதற்கு இன்று நியாயமெதுவும் இல்லை. அவ்வாறு சேமித்தால், எழுத்துரு இல்லாத கணினியில் விவசாயியின் பெயர் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகச் சிதறும். திரைகள் தமிழில் இருக்கவேண்டும் என்பதை மொழிப்பற்று சார்ந்த கோரிக்கையாக மாத்திரம் கொள்ளலாகாது. ஆங்கிலத் திரையை வாசிப்பவர் உடைமையாளரின் மகன் ஒருவரே எனின், கணக்கப்பிள்ளையின் அறிவும் அதிகாரமும் ஒரே நாளில் அவரிடம் கைமாறுகின்றன.

நிரலாளருக்கு வீணெனத் தோன்றும் நிரல்களும் உண்டு. வயல் நீர்ப்பாசனத்துக்குரியதா மானாவாரியா என்பது கொள்வனவுக்கு எதற்கு என்று அவர் கேட்கலாம். இறைத்தும் பாய்ச்சியும் விளைவித்ததற்கு இருபதில் ஒன்று, மழைநீரால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று என்பதே தானிய ஸகாத்தின் விதி. அக்கணக்கை எழுத்திற் பெற விரும்பும் விவசாயிக்கு அந்நிரல் தேவை.

கட்டியெழுப்பும் முறை பற்றி இரண்டொன்று கூறுதல் போதும். இணையவழி மென்பொருளின் நன்மை, நிரலும் தரவும் ஓரிடத்திலுள்ள வழங்கியில் இருக்க, ஆலையிலுள்ள கணினியும் வட்டையில் நிற்பவரின் கைத்தொலைபேசியும் ஒரே கணக்கைக் காண்பதாகும். வட்டையில் இணைப்பு அறுந்துபோகும் என்பதே அதன் குறை. 2022 இல் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டை அனுபவித்த எமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. எனவே பதிவு முதலிற் கைத்தொலைபேசியிலேயே எழுதப்பட்டு, இணைப்புக் கிடைக்கும்போது வழங்கிக்குச் செல்லுதல் வேண்டும். ஒருமுறை எழுதிய பதிவை எவரும், உடைமையாளர் உட்பட, அழிக்கலாகாது. பிழையிருப்பின் எதிர்ப்பதிவு ஒன்றால் திருத்தவேண்டும். கணக்கப்பிள்ளை கொப்பியில் அழிறப்பரைப் பயன்படுத்தாது கோடிட்டு வெட்டி எழுதியதும் இதே நெறியே. விலைகளையும் கழிவு வீதங்களையும் நிரலின் உள்ளே புதைக்காது, திகதியுடன் கூடிய தனி அட்டவணையில் வைக்கவேண்டும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு அவ்வாண்டிலேயே தளர்த்தப்பட்ட நாட்டில், எந்த விதியும் ஒரு போகத்துக்கு மேல் நிலைக்குமென எதிர்பார்ப்பது பேதைமை.

காலத்தையும் போகமே தீர்மானிக்கும். பெரும்போக அறுவடை ஓய்ந்தபின் தொடங்கி, சிறுபோக நெல் களத்துக்கு வருமுன் கொள்வனவுப் பகுதியை மாத்திரம் முடித்து, அப்போகம் முழுவதும் கொப்பியும் கணினியும் அருகருகே நடக்கவிடவேண்டும். இரண்டும் முரண்படும் இடங்களிலேதான் உண்மையான தேவைகள் வெளிப்படும். ஆலை, விற்பனை, கூலி என்பன பின்னர் வரலாம். முழுவதையும் ஒருங்கே கேட்கும் உடைமையாளரின் அவசரமும், முழுவதற்கும் ஒருங்கே விலை கூறும் நிரலாளரின் தாராளமும் பெரும்பாலும் அரைகுறைத் திரைகளிலேயே முடிகின்றன.

விரைந்து கட்டியதும் பயன்தரும் என்பதற்கு எம்மண்ணிலேயே உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிகுந்த உயிர்களைக் காவுகொண்ட மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில நாட்களிலேயே கொழும்பிற் தன்னார்வ நிரலாளர்கள் ‘சஹன’ என்னும் இணையவழி மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்பவற்றைத் தனித்தனியே பதியும் பகுதிகள் அதில் இருந்தன. திறந்த மூலமாக வெளியிடப்பட்டமையால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பின்னர் வேறு நாடுகளிலும் அது பயன்பட்டது. மென்பொருளின் மூலநிரல் பொதுவில் இருப்பதன் பெறுமதியை இது உணர்த்துகின்றது. எமது சிறு வணிகர், திரைகளுக்குப் பணங்கொடுத்தபின்னும் மூலநிரல் தமக்குரியதா என்று கேட்பதில்லை. மாதவாடகைக்குப் பெறப்படும் அயல்நாட்டு மென்பொருளோ டொலரிற் கணக்கிடப்படுவது. 2022 இல் டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து சில மாதங்களில் முந்நூற்றறுபதை எட்டியபோது, நெல்லின் விலை எதுவாயினும் அவ்வாடகை ஏறியே தீரும் என்பது புலப்பட்டது. மூலநிரல், தரவின் முழுப்பிரதி, அதனைப் பொதுவான வடிவில் வெளியே எடுக்கும் வழி ஆகிய மூன்றும் எழுத்து மூல ஒப்பந்தத்தில் இடம்பெறுதல் அவசியம்.

ஆளும் அவசியம். நிரல் என்பது எழுதப்பட்ட வரிகளன்று, அதனை ஆக்கியோர் மனத்திலுள்ள கோட்பாடே என்று பீற்றர் நவர் 1985 இல் வாதிட்டார். அவ்வாறாயின் ஆக்கியவர் வளைகுடாவுக்கோ கொழும்புக்கோ சென்ற நாளில் நிரல் மரிக்கத் தொடங்குகின்றது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கையில், அயலிலுள்ள நெற்கடைகளின் கணக்கு மாணவர் ஆய்வுக்கு உகந்த பொருளாகாதது வியப்புக்குரியது. நான்கைந்து சிறு நிலையங்கள் கூட்டாக ஒரு மென்பொருளை ஆக்குவித்துப் பேணுவதற்குத் தடையாயிருப்பது தொழில்நுட்பமன்று. ஒருவர் விலையை மற்றவர் அறிந்துவிடக்கூடாதென்னும் போட்டியே.

இறுதியாகச் சிட்டை. எமது நோக்கில், இம்மென்பொருளின் அதிமுக்கிய பகுதி உடைமையாளரின் அறையிலுள்ள வண்ண வரைபடமன்று, தராசருகே அச்சாகும் ஒரு சாண் தாளே. மொத்த நிறை, ஈரப்பதன், அதற்கான கழிவு, சாக்குக் கழிவு, கிலோ விலை, பெற்றிருந்த முற்பணம், எஞ்சிய தொகை என ஒவ்வொன்றும் தனித்தனி வரியிற் தமிழில் அதிலே அச்சிடப்படவேண்டும். கொப்பிக் காலத்தில் விவசாயி கணக்கப்பிள்ளையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “தம்பி, அந்தச் சுழி என்ன?” என்று கேட்கக்கூடியதாயிருந்தது. கணினித் திரை மறுபக்கம் திரும்பியிருக்கின்றது. சிட்டையில் எத்தனை வரிகள் இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அந்த விவசாயியையும் ஒரு நாட்டாமையையும் அழைப்பதற்கு, உடைமையாளருக்கு ஒரு பிற்பகல் மாத்திரமே செலவாகும்.